மழையில் பால் வெட்டிய கிழவி: கதைமாந்தரை உருவாக்கப் புதியவர்களுக்கு ஒரு வழிகாட்டி

மலேசியாவில், பேராக் மாநிலத்துச் சுங்கை சிப்புட்டில் நகல் எடுக்கும் கடை வைத்திருக்கிறேன். பாரம் (விண்ணப்பப் படிவம்) நிரப்பிக் கொடுப்பதும், கைப்பேசிக்கு டாப்-அப் போட்டுக் கொடுப்பதும் அதே கடையில்தான். இரவு கடையை அடைத்த பிறகு கதை எழுதுவேன். முதல் மூன்று வருஷம் நான் எழுதிய எதுவும் அச்சில் வரவில்லை. ஏன் வரவில்லை என்று எனக்குச் சொல்ல ஆளும் இல்லை. அந்த மூன்று வருஷம் உங்களுக்கும் போய்விடக் கூடாது என்றுதான் இதை எழுதுகிறேன்.

என் முதல் கதையில் ஒரு கிழவி. கொட்டுகிற மழையில் பால்மரம், அதாவது ரப்பர் மரம், வெட்டிக்கொண்டே, வீட்டை விட்டுப் போன மகனை நினைத்து அழுகிறாள். எழுதி முடித்தபோது எனக்கே தொண்டை அடைத்தது. தோட்டத்தில் 30 வருஷம் மரம் வெட்டிய பக்கத்து வீட்டுப் பாட்டிக்கு வாசித்துக் காட்டினேன். முதல் பத்தியிலேயே கையைக் காட்டி நிறுத்தினார்.

"மழையில யாரும்மா பால் வெட்டுவா?"

பட்டை நனைந்திருந்தால் பால் வெட்டுக்கோட்டில் நிற்காது, பட்டை முழுக்கப் பரவி வழியும். மங்கில் (பால் வடியும் கிண்ணத்தில்) விழுவது பாதி தண்ணீர். அதனால் மழை பெய்தால் வேலை இல்லை. வேலை இல்லாத நாளில் கையில் காசும் குறையும். இந்த ஊரில் பிறந்து வளர்ந்த எனக்கு அது தெரியாமல் இல்லை. அழ வைக்கும் அவசரத்தில் மறந்துவிட்டேன். பாட்டி போன பிறகு ஒரு கேள்வி மட்டும் மிச்சம் இருந்தது: மழை நாளில் அந்தக் கிழவி வீட்டில் இருக்கிறாள். அப்படியானால் என்ன செய்கிறாள்? அவள் கதையை நான் மறுபடி தொடங்கியது அங்கிருந்துதான்.

இந்த முறையில் ஒரு ஆளைத் தயார் செய்ய எனக்கு இப்போது ஆறு வாரம் பிடிக்கிறது. செலவு 20 வெள்ளிக்குள் (வெள்ளி என்றால் ரிங்கிட்). கதை எழுதும் நாள்கள் இதில் சேராது.

1. முதலில் பத்திரம்

தடித்த நோட்டு ஒன்று வாங்குங்கள். ஒரு ஆளுக்கு ஒரு நோட்டு. முதல் பக்கத்தில் 'நல்லவள், பாசக்காரி, உழைப்பாளி' என்று எழுத வேண்டாம். நான் பக்கம் பக்கமாக எழுதிப் பார்த்தேன். அந்தச் சொற்களிலிருந்து ஒரு காட்சிகூடப் பிறக்கவில்லை. பாசக்காரி காலையில் எழுந்து முதலில் எதைத் தொடுவாள் என்று அந்தச் சொல்லுக்குத் தெரியாது. அதற்குப் பதிலாக, அவளிடம் என்னென்ன காகிதம் இருக்கிறது, எது இல்லை என்று எழுதுங்கள்.

ஐசியில் (அடையாள அட்டையில்) தொடங்குங்கள். எண்ணில் 12 இலக்கம். முதல் 6 இலக்கம் பிறந்த வருஷம், மாதம், நாள். அடுத்த 2 பிறந்த மாநிலம்: பேராக் என்றால் 08, கெடா 02, ஜொகூர் 01, சிலாங்கூர் 10. கடைசி இலக்கம் ஒற்றைப்படை என்றால் ஆண், இரட்டைப்படை என்றால் பெண். இதை நிரப்ப உட்கார்ந்தால் 'ஐம்பது, அறுபது வயசு இருக்கும்' என்று மழுப்ப முடியாது. என் கிழவிக்கு அஞ்சலை என்று பெயர் வைத்தேன். 1958-ல் பேராக்கில் பிறந்தவள். கதை நடப்பது 2012-ல். கணக்குப் போட்டால் அவளுக்கு 54 வயசு. கிழவியே இல்லை! மூன்று வருஷமாக நான் கூனி நடக்க வைத்தவள் சைக்கிள் மிதிக்கிற பெண்.

அடுத்து ஐசியின் நிறம். 1957 ஆகஸ்ட் 31-ல் நாடு சுதந்திரம் அடைந்த பிறகு இங்கே பிறந்ததால் அஞ்சலைக்குப் பிறப்பிலேயே குடியுரிமை, நீல ஐசி. தமிழ்நாட்டிலிருந்து வந்த அவள் அப்பாவுக்குச் சிவப்பு ஐசி, அதாவது நிரந்தரவாசி மட்டும். ஓட்டுப் போட முடியாது. 1969-லிருந்து குடியுரிமை இல்லாதவர்கள் வேலை செய்யப் பெர்மிட் எடுக்க வேண்டும் என்று வந்தபோது பல குடும்பங்கள் தோட்டத்தை விட்டு ரஜூலா கப்பலில் ஊர் திரும்பின. அஞ்சலைக்கு அப்போது 11 வயசு. பக்கத்து லயத்தில், அதாவது தொழிலாளர் வரிசை வீட்டில், இருந்த தோழி ஒருத்தி அப்படிப் போனாள். கடிதம் போடுகிறேன் என்றாள், போடவில்லை. இதை நான் உட்கார்ந்து யோசித்துக் கண்டுபிடிக்கவில்லை. வருஷத்தையும் நிறத்தையும் எழுதியதும் தானாக வந்து நின்றது.

பெயரையும் மூன்று விதமாக எழுதுங்கள். பத்திரத்தில் தோட்டத்துக் கிராணியோ (எழுத்தரோ) அதிகாரியோ எழுதி வைத்த பெயர், வீட்டில் கூப்பிடும் பெயர், தோட்டத்தார் முதுகுக்குப் பின்னால் சொல்லும் பெயர். பிறப்பு சூராவில் (பத்திரத்தில்) ஒரு எழுத்து பிசகி, ஐசியில் இன்னொரு எழுத்து பிசகி, இரண்டும் ஒரே ஆள்தான் என்று நிரூபிக்க அலைந்தவர்கள் என் கடைக்கு எத்தனையோ பேர் வந்திருக்கிறார்கள். அந்த அலைச்சல் ஒரு மனிதருக்குக் கொடுக்கும் கூச்சத்தை நேரில் பார்த்திருக்கிறேன். மேசை ஓரத்தை விரலால் தடவிக்கொண்டே பேசுவார்கள்.

கல்யாணப் பத்திரத்தைத் தவறவிடாதீர்கள். முஸ்லிம் அல்லாதவர் திருமணத்தைப் பதிவு செய்தே ஆக வேண்டும் என்ற சட்டம் 1982 மார்ச் 1-ல் நடப்புக்கு வந்தது. அஞ்சலைக்கு 1983-ல் தோட்டத்துக் கோயிலில் தாலி கட்டினார்கள். ஊரே சாட்சி, பதிவு மட்டும் இல்லை. கணவன் செத்தபோது, சேமநிதிப் பணம் கேட்கப் போன இடத்தில் 'மனைவி' என்று காட்ட அவளிடம் காகிதம் இல்லை. காகிதம் இல்லாவிட்டால் ஆளே இல்லை என்று அன்றைக்கு அவளுக்குப் புரிந்துவிட்டது. இந்த ஒரு வரி பின்னால் என் கதையையே தூக்கிப் பிடித்தது.

இளைய ஆளை எழுதுகிறீர்கள் என்றால் பள்ளிக்கூடக் கணக்கைப் பாருங்கள். தோட்டத் தமிழ்ப்பள்ளியில் ஆறாம் ஆண்டு முடித்து இடைநிலைப் பள்ளிக்குப் போகும்போது, மலாய்மொழியில் தேர்ச்சி போதாத பிள்ளைகள் ஒரு வருஷம் புகுமுக வகுப்பில் உட்கார வேண்டியிருந்தது. அப்படி உட்கார்ந்த பையன் ஐந்தாம் படிவத் தேர்வான எஸ்பிஎம் எழுதும்போது வகுப்பில் மற்றவர்களைவிட ஒரு வயசு பெரியவன். அந்த ஒரு வயசு ஒரு பையனுடைய நடையையே மாற்றும்.

இங்கே இரண்டு பள்ளங்கள். ஒன்று, உண்மையான மனிதருடைய ஐசி எண்ணையோ பத்திரத்தையோ எடுத்து நோட்டில் ஒட்டாதீர்கள். என் மேசைக்கு வரும் காகிதங்களை நான் கதைக்குத் தொட்டதில்லை, நம்பிக்கையோடு நீட்டுகிறார்கள். எண்ணின் அமைப்பு போதும், மிச்சம் உங்கள் கற்பனை. இரண்டு, சேர்த்ததையெல்லாம் கதையில் கொட்டாதீர்கள். அஞ்சலைக்கு 11 பக்கம் எழுதினேன். கதைக்குள் போனது அரைப் பக்கம்.

இந்தப் படிக்கு இரண்டு வாரம் ஒதுக்குங்கள்.

2. ஒரு மாத வரவு செலவு

ஒரு பக்கத்தை நடுவில் கோடு போட்டுப் பிரியுங்கள். இடப்பக்கம் வரவு, வலப்பக்கம் செலவு. கதை எந்த வருஷம் என்பது இங்கே மிக முக்கியம். தீபகற்ப மலேசியாவில் குறைந்தபட்சச் சம்பளம் 2013-ல் 900 வெள்ளியாகத் தொடங்கியது. 2025 பிப்ரவரியிலிருந்து 1,700 வெள்ளி. 2012-ல் மரம் வெட்டுகிறவளுக்கு அந்த 900-கூட உறுதியில்லை. மழை நாள்களைக் கழிக்க வேண்டும், ஒட்டுப்பால் (உறைந்த மிச்சப் பால்) காசைச் சேர்க்க வேண்டும், சீனர் கடைக் கணக்கை அடைக்க வேண்டும், கூட்டுச் சீட்டுக்குக் கட்ட வேண்டும்.

எழுதி முடித்ததும் இரண்டு கேள்வி கேளுங்கள். இவள் எதற்குக் காசு கொடுக்கவே மாட்டாள்? கணக்குக்கு ஒத்துவராமல் எதற்குக் கொடுக்கிறாள்? இரண்டாவது கேள்விதான் தங்கம். கணக்கில் இடிக்கிற செலவு இருக்கும் இடத்தில் மனசு இருக்கிறது.

அஞ்சலையின் செலவுப் பக்கத்தில் ஒரு 10 வெள்ளி இடித்தது. என்ன அது என்று நானே இரண்டு நாள் யோசித்தேன். பிறகு என் கடையிலேயே விடை கிடைத்தது. முன்கட்டண எண்ணுக்கு டாப்-அப் போடாமல் விட்டால் கொஞ்ச நாளில் எண் செத்துவிடும். அஞ்சலையின் மகன் 2009-ல் போனவன். அவன் கைப்பேசி அடைத்தே கிடக்கிறது. அந்த எண்ணுக்குத்தான் அவள் மாதம் தவறாமல் 10 வெள்ளி போடுகிறாள். எடுக்க ஆள் இல்லை. ஆனாலும் எண் சாகக் கூடாது. காகிதம் இல்லாமல் 'மனைவி' என்ற பெயரை இழந்தவள் அவள். எண்ணும் போய்விட்டால் மகன் இருந்ததற்கே அடையாளம் இல்லை என்று நினைக்கிறாள்.

கெடு முடிகிற நாள் மழை. வேலை இல்லை, அன்றைக்குக் கூலி இல்லை. பிளாஸ்டிக் பையைத் தலையில் கவிழ்த்துக்கொண்டு பெக்கானுக்கு (பட்டணத்துக்கு) சைக்கிளை மிதிக்கிறாள். மழை நாளில் அவள் என்ன செய்கிறாள் என்ற கேள்விக்கு எனக்குக் கிடைத்த பதில் இதுதான். அழுகை ஒரு சொட்டு இல்லை.

சேமநிதிப் பாரத்தையும் இந்தப் பக்கத்திலேயே யோசித்து வையுங்கள். தான் செத்தால் பணம் யாருக்கு என்று யார் பெயரை எழுதியிருக்கிறாள்? பெயர் எழுதாமலே விட்டிருக்கிறாளா? 55 வயசில் பணம் எடுக்கலாம் என்றால், கதை நடக்கும்போது அவள் அந்த வயசுக்கு இந்தப் பக்கமா, அந்தப் பக்கமா? அஞ்சலைக்கு இன்னும் ஒரு வருஷம். யாரும் சொல்லாமலே கதையில் ஒரு காத்திருப்பு வந்துவிடுகிறது.

3. கடிகாரமும் பருவமும்

ஆளின் ஒரு நாளை, எழுவதிலிருந்து படுப்பது வரை மணி வாரியாக எழுதுங்கள். மரம் வெட்டுகிறவளுக்கு விடியுமுன் பெரட்டு (ஆள் கணக்கெடுப்பு), தலையில் விளக்கு, நெறை (மர வரிசை) பிடித்து வெட்டு. வெயில் ஏறினால் பால் ஓட்டம் குறையும் என்பதால்தான் அந்த அவசரம். பிறகு வாளியில் சேகரிப்பு, கொட்டகையில் நிறுவை. மத்தியானத்தில்தான் அவள் உடம்பு அவளுக்குத் திரும்பக் கிடைக்கிறது. செம்பனைத் தோட்டம் என்றால் நாளே வேறு மாதிரி: குலை அறுப்பு, உதிரிப் பழம் பொறுக்குதல், லோரி வரும் நேரம்.

நிறையப் பேர் விழும் பள்ளம் ஒன்று இருக்கிறது. தமிழ்நாட்டுக் கதைகளைப் படித்தே வளர்ந்த பழக்கத்தில் 'ஆறு மணிக்கு இருட்டிவிட்டது' என்று எழுதிவிடுகிறோம். இங்கே வருஷம் முழுக்கச் சூரியன் விழுவது ஏழு மணியை ஒட்டித்தான். மார்கழிக் குளிரும் கோடை வறட்சியும் இந்த மண்ணில் அந்த மாதிரி இல்லை. நமக்கு இலையுதிர் காலம் என்றால் பிப்ரவரி, மார்ச் வாக்கில் ரப்பர் மரம் இலை கொட்டுவதுதான். பால் குறைந்து கையில் காசு வற்றும் காலமும் அதுவே.

இன்னொன்று. 1982 ஜனவரி 1 அன்று தீபகற்பத்தின் கடிகாரம் அரை மணி முன்னால் தள்ளி வைக்கப்பட்டது. 1975-ல் நடக்கும் கதையில் விடியலை ஏழு மணி என்று எழுதினால் தவறு. அது அப்போது ஆறரை.

4. என்ன வேண்டும், எதை மறைக்கிறாள்

மேலே மூன்று படியையும் ஒழுங்காகச் செய்திருந்தால் இது ஒரே மாலையில் முடியும். இரண்டு வாக்கியம் எழுதுங்கள். 'அஞ்சலைக்கு இந்த நாள் முடியுமுன் ______ வேண்டும்.' 'அதை யாரிடமும் சொல்லாமல் ______ என்று சொல்கிறாள்.' முதல் கோடு இன்றைக்கே செய்யக்கூடிய காரியமாக இருக்கட்டும். 'நிம்மதி வேண்டும்' என்று எழுதினால் அவள் நாற்காலியை விட்டு எழ மாட்டாள். 'எண் சாகுமுன் டாப்-அப் போட வேண்டும்' என்றால் சைக்கிளை எடுப்பாள்.

இரண்டாவது கோட்டுக்கு, கடைப் பெண்ணிடம் "என் அண்ணன் மவன் நம்பரும்மா" என்கிறாள் அஞ்சலை. மூன்று வருஷமாக ஒரே பொய். கடைப் பெண்ணுக்கும் தெரியும். தெரிந்ததைக் காட்டிக்கொள்ளாமல் நம்பரை மனப்பாடமாக அழுத்துகிறாள்.

நம் தோட்டத்து மக்களை எழுதும்போது இது ரொம்ப முக்கியம் என்று நினைக்கிறேன். அவர்களை வெறும் பாவப்பட்டவர்களாக நிற்க வைத்துவிடுகிறோம். அடி வாங்குகிறார்கள், அழுகிறார்கள், கதை முடிகிறது. ஒரு முடிவும் எடுக்காத ஆளை வாசகர் இரக்கத்தோடு பார்ப்பார், ஆனால் நம்ப மாட்டார். பொய் சொல்லட்டும், பிடிவாதம் பிடிக்கட்டும், ஒருத்தருக்குக் கெடுதல்கூடச் செய்யட்டும்.

5. அழுகைக்கு முன் நான்கு கேள்வி

தொல்காப்பியப் பொருளதிகாரத்தில் மெய்ப்பாட்டியல் என்று ஒரு பகுதி உண்டு. பரீட்சைக்குப் படித்துவிட்டு மறந்துவிடுகிறோம், ஆனால் கதை எழுதுகிறவருக்கு அது கைக்கருவி. மெய்ப்பாடு எட்டு: நகை, அழுகை, இளிவரல், மருட்கை, அச்சம், பெருமிதம், வெகுளி, உவகை. ஒவ்வொன்றுக்கும் நான்கு நிலைக்களன். அழுகைக்கு இளிவு, இழவு, அசைவு, வறுமை. அதாவது பிறர் இழிவாக நடத்தியதால், எதையோ யாரையோ இழந்ததால், முன்பிருந்த நிலை தாழ்ந்ததால், இல்லாமையால்.

'அவள் அழுதாள்' என்று எழுத வரும்போது பேனாவை வைத்துவிட்டு, இந்த நான்கில் எது என்று கேளுங்கள். என் பழைய கதையில் அஞ்சலை இழவுக்காக அழுதாள். எல்லாத் தாயும் அப்படி அழுவாள். அவளுக்கென்று அதில் ஒன்றும் இல்லை. புதிய கதையில் ஒரே ஒரு இடத்தில் கண் கலங்குகிறாள். கடையில் பின்னால் நிற்கும் பையன் "பாட்டி, சீக்கிரம் லா" என்கிறான். அவள் ஈரச் சுருக்குப்பையிலிருந்து ஒற்றை வெள்ளித் தாள்களை ஒவ்வொன்றாகப் பிரித்து எண்ணிக்கொண்டிருக்கிறாள். அது இளிவு. மகனைப் பற்றி ஒரு வார்த்தைகூட அந்தப் பத்தியில் இல்லை.

எட்டையும் நோட்டின் பின் அட்டையில் எழுதி வையுங்கள். பெருமிதத்துக்குக் கல்வி, தறுகண், புகழ், கொடை. உங்கள் ஆள் எதில் நெஞ்சு நிமிர்த்துவார் என்று தெரிந்துகொள்ளாமல் அவருடைய அவமானத்தை எழுத முடியாது. அஞ்சலைக்குக் கொடை: லயத்தில் யார் கேட்டாலும் அரிசி கடன் கொடுப்பாள், திருப்பிக் கேட்க மாட்டாள்.

6. பேச்சு

கடைசியில் எழுதுங்கள், முதலில் வேண்டாம். வட்டாரப் பேச்சை முதலில் கையில் எடுத்தால் அது மட்டும்தான் மிஞ்சும். ஆளுக்கு ஆள் வேறுபடுவதைக் கவனியுங்கள். அஞ்சலை 'தொரை', 'பெரட்டு', 'மங்கு', 'சிலுவார்' என்பாள். நகர்ப்புறத் தாமானில் (குடியிருப்பில்) வளர்ந்த பையனுக்கு மங்கு என்றால் என்னவென்றே தெரியாது; அவன் பேச்சில் மலாய் தமிழோடு கலந்தே வரும். எல்லார் வாயிலும் வாக்கியக் கடைசியில் 'லா' போட்டால் எல்லாரும் ஒரே ஆளாகிவிடுவார்கள்.

பசார் மாலாமில் (இரவுச் சந்தையில்) ஒரு மணி நேரம் நில்லுங்கள், ஒரு கோப்பி வாங்கிக்கொண்டு. பேச்சைக் கைப்பேசியில் பதிவு செய்ய வேண்டாம், அது திருட்டு. வீட்டுக்கு வந்து நினைவில் நின்ற ஐந்து வாக்கியத்தை எழுதுங்கள்.

7. வாசித்துக் காட்டுதல், அனுப்புதல்

அந்த வேலையைச் செய்த ஒருவரிடம் சத்தமாக வாசித்துக் காட்டுங்கள். எழுத்தாளர் நண்பர்களிடம் அப்புறம் போகலாம். 'நல்லா இருக்கா?' என்று கேட்காதீர்கள். நம்மவர்கள் மனசு நோகக்கூடாதென்று நல்லா இருக்கு என்றே சொல்வார்கள். 'எங்க பொய்யா இருக்கு?' என்று கேளுங்கள். அவர் சொல்வதை அங்கேயே மறுத்துப் பேசாமல் எழுதிக்கொள்ளுங்கள். மனம் சுருங்கும், பரவாயில்லை. பிறகு ஒரு வாரம் நோட்டைத் திறக்காமல் வைத்துவிட்டுத் திருத்துங்கள்.

புதிய கதையைப் பாட்டிக்கு வாசித்தபோது இரண்டு இடத்தில் நிறுத்தினார். ஒன்று, அஞ்சலையின் கை. சோப்புப் போட்டுக் கழுவிவிட்டுக் கடைக்குப் போனாள் என்று எழுதியிருந்தேன். "எத்தன சோப்பு போட்டாலும் ஒட்டுப்பால் நாத்தம் போவாதும்மா. கடையில காச நீட்டுறப்ப நாங்க கைய இழுத்துக்குவோம்" என்றார். அந்த வரியைச் சேர்க்கலாமா என்று அவரிடமே கேட்டுச் சேர்த்தேன். கேட்காமல் எடுக்காதீர்கள். இரண்டாவது இடத்தில் திருத்தம் ஏதும் சொல்லவில்லை. கொஞ்ச நேரம் கழித்துக் கேட்டார்: "அடுத்த மாசம் போட்டாளா, விட்டுட்டாளா?"

கதையைப் பற்றிய பேச்சு நின்று ஆளைப் பற்றிய பேச்சு தொடங்கியதும் அனுப்பிவிடலாம். அதற்கு மேல் திருத்தினால் கெடும். நாளிதழ்களின் ஞாயிறு பதிப்புகள் சிறுகதை வாங்குகின்றன. அனுப்புமுன் அவர்கள் கேட்கும் பக்க அளவைப் பாருங்கள், ஒரு பிரதியை உங்களிடம் வைத்துக்கொள்ளுங்கள், அதே கதையை ஒரே நேரத்தில் இரண்டு இடத்துக்கு அனுப்ப வேண்டாம். மூன்று மாதம் பதில் இல்லையென்றால் ஒரு முறை மரியாதையாக விசாரித்துவிட்டு வேறு இடம் பாருங்கள். அனுப்பிய தேதியை அந்த நோட்டின் கடைசிப் பக்கத்தில் குறித்து வைத்துவிட்டு, அடுத்த ஆளுக்கான நோட்டை அன்றைக்கே வாங்கிவிடுங்கள்.